எண்ணெய் குடித்த கால்

அருள்மேரி என்ற பேர் கிளியம்மாள் காதில் முதல்முதலாக விழுந்தது ரேஷன் கடை வரிசையில். பாமாயில் வந்த அன்றைக்கு. முன்னால் நின்ற தீபா, கிளியம்மாளின் பெரிய நாத்தனார் மகள், மகன் துரைக்கு முறைப்பெண்ணாக இருந்து பிறகு தெருக்கோடி வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசைக்கே கேட்கிற மாதிரித் திரும்பினாள்.

"இன்னா அத்தே, உம் புள்ள அந்த அருள்மேரிய டெய்லி ஆட்டோல முன் சீட்டுல குந்தவெச்சிகினு போறானாமே?"

"எந்த அருள்மேரிடி?"

"மேடவாக்கத்துல ஏறி நம்ம ஜங்ஷன்ல இறங்குதே, செக்கு எண்ணெய்க் கடையில வேலை செய்யுது. ஒரு காலு ரப்பரு."

வரிசை நகர்ந்தது, கிளியம்மாள் நகரவில்லை. பின்னால் நின்றவள் இடித்த பிறகுதான் அடி எடுத்துவைத்தாள். பேர் வேதக்காரப் பேர். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவளுடைய சொந்தச் சின்ன மாமனாரே மாதா கோயிலில் பேர் மாற்றிக்கொண்டவர்தான். ரப்பர் காலைத்தான் மனசில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சாயங்காலம் துரை ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்ததும் கேட்டாள். "இன்னாடா, ஊரே பேசிகினு கீது?"

"ஆமாம்மா."

"எதுக்குடா ஆமாம்?"

"நீ கேக்கப்போற எல்லாத்துக்கும் ஆமாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் தானே வந்தாள். ஞானையா என்பவரின் ரெண்டாவது மகள். மூத்தவளைக் குன்றத்தூரில் கொடுத்திருந்தார்கள். பெருங்களத்தூரில் அப்பா ஓட்டின வண்டிமேல் லாரி ஏறியதில் இவளுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, அப்போது பத்தொன்பது வயசு. அழுது சொல்லவில்லை, பஸ் நம்பர் சொல்வது மாதிரிச் சொன்னாள். சொல்லி முடித்து, கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து காலைக் கழற்றி கிளியம்மாள் முன்னால் நிறுத்தினாள்.

"இதுதான் அத்தே. இப்பவே நல்லா பார்த்துக்குங்க. பின்னால பார்த்து பயந்துக்கக் கூடாது."

கிளியம்மாள் பார்த்தாள். மேலே கெண்டைக்காலுக்குப் பதில் ஒரு குழாய், கீழே போல்ட் போட்டு மாட்டின ரப்பர் பாதம். அஞ்சு விரல், விரலுக்கு நகம், எல்லாம் அச்சு. கோதுமை நிறம். இவளோ மாநிறத்துக்கும் ரெண்டு படி கறுப்பு.

"இதுக்கு மட்டும் எங்கேர்ந்துடி சினிமாக்காரி கலரு?" என்று கேட்டுவிட்டாள். அருள்மேரி சிரித்தாள். மாமியாரும் மருமகளும் ஆனது அந்த நிமிஷம்தான், ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டது அதற்கு ரெண்டு மாசம் கழித்து.

செக்குக் கடை சிட்டிபாபுவுடையது. வேதாசலத்தின் கடைசிப் பிள்ளை. வேதாசலத்தின் நிலத்தில்தான் கிளியம்மாள் வாழ வந்த புதிதில் நாற்று நட்டாள். சிட்டிபாபு வரப்பில் துணியில்லாமல் ஓடினதெல்லாம் அவளுக்கு ஞாபகம் உண்டு. நிலம் மனையாகி, மனையில் அடுக்குமாடி எழும்பிய பிறகு, ஜங்ஷனில் மிஞ்சியிருந்த துண்டில் அவர் மரச்செக்கு போட்டார். மாடு கிடையாது, மோட்டார். குழியில் உலக்கை நிற்கும், அதைப் பிடித்தபடி ஒரு மரக்கை நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அருள்மேரி செக்கு மேடையில் நின்று எள்ளைப் போடுவாள், கருப்பட்டி தட்டிப் போடுவாள், பிண்ணாக்கை வாருவாள், எண்ணெய் நிறைந்த டின்னைத் தூக்கிப்போய் வைப்பாள். சிமெண்டுத் தரைதான், ஆனால் எண்ணெய் குடித்துக் குடித்து முகம் தெரிகிற மாதிரி மின்னும். அதில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். சாப்பிடுகிற எண்ணெய் ஆட்டுகிற இடத்தில் செருப்பு ஆகாது என்பது சிட்டிபாபுவின் கட்டளை.

கிளியம்மாளுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறக் கூடாது. மருமகள் வந்த முதல் வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயைக் காய்ச்சி, மிளகும் சீரகமும் போட்டு, அவளை மணையில் உட்காரவைத்துத் தலைக்கு வைத்தாள். முதுகுக்கு, கைக்கு, வலது காலுக்கு. பிறகு கிண்ணத்தோடு ஒரு நிமிஷம் நின்றாள். கட்டிலோரம் அந்த ரப்பர் கால் தனியாக நின்றுகொண்டிருந்தது. ஒன்றுக்குத் தேய்த்து ஒன்றை விட்டால் அது ஓரவஞ்சனை இல்லையா? எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குதிகாலிலிருந்து விரல் இடுக்குவரை சூடு பறக்கத் தேய்த்தாள்.

"அத்தே, அதுக்கு உசுரு இல்ல."

"உன்ன தூக்கிகினு நடக்குது இல்ல? அப்ப அதுக்கும் உண்டு."

அருள்மேரி சிரித்து விட்டுவிட்டாள். சொல்லப்போனால் அவளுக்கும் பிடித்திருந்தது. பாதம் மெத்தென்று ஆனது. நடந்தால் விறைப்பு இல்லை. "நல்லா வளையுது அத்தே" என்றாள். அதற்குமேல் கிளியம்மாளுக்கு என்ன வேண்டும்? வாரம் தவறாமல் தேய்த்தாள், கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் கூடுதலாக ஒரு தடவை.

நாலாம் மாசம் அந்தக் கால் வாய் பிளந்தது. நடக்கும்போது விரல்களுக்குப் பின்னால் மடங்குகிற இடத்தில் முதலில் ஒரு கோடு. அப்புறம் ஒரு கீறல். அப்புறம் ஒரு நாள் கடலை எண்ணெய் டின்னோடு அருள்மேரி செக்கு மேடையிலிருந்து குப்புற விழுந்தாள். உதடு கிழிந்தது. கால் பாதிப் பாதத்தில் மடங்கித் தொங்கியது.

குரோம்பேட்டையில் ஒரு டிரஸ்ட்டின் பட்டறையில் இந்தக் கால்களைச் செய்கிறவர் வைத்தீஸ்வரன். வேறு பாதம் மாட்டிக் கொடுத்தார். அதுவும் அஞ்சாம் மாசம் அதே இடத்தில் பிளந்தது. இந்தத் தடவை விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிப்போய் ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்தாள்.

சிட்டிபாபு வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை, வாசலிலேயே நின்று சொன்னார். "கிளியக்கா, நான் கெட்டவன்னு நெனைச்சுக்காத. அது மண்டையில அடிபட்டு விழுந்துச்சுன்னா எனக்கு பேஜாரு, உனக்கும் பேஜாரு. இப்போதைக்கு உக்காந்து பாட்டில் அடைக்கட்டும். ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள்லேர்ந்து தீபாவளி ஆர்டர். அன்னிக்கு ரெண்டு காலும் ஊனி மேடையில நின்னுச்சுன்னா நிக்கட்டும். இல்லேன்னா நான் வேற ஆளப் பாக்கறேன். பாட்டில் அடைக்க தனியா ஒரு ஆளு வெக்கற அளவுக்கு என் கடை பெரிசில்ல."

"பாபு தம்பி, நீ சொல்றதும் நாயம்தான்" என்றாள் கிளியம்மாள். வேறென்ன சொல்வது? உள்ளே அருள்மேரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆயுத பூஜைக்கு மூன்று மாசம் இருந்தது.

மறுநாள் மாமியாரும் மருமகளும் பட்டறைக்குப் போனார்கள், அருள்மேரி கக்கத்தில் ஊன்றுகட்டையோடு. வைத்தீஸ்வரன் பிளந்த பாதத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு புதுசு ஒன்றை எடுத்து வைத்தார்.

"என்னம்மா பண்றே நீ? சேத்துல, வயல்ல நடக்கிறவங்களே ரெண்டு வருஷம் கழிச்சுதான் வர்றாங்க. இது மூணாவது. இதுக்கு மேல மூணு வருஷத்துக்கு உனக்கு ஒண்ணு தர டிரஸ்ட்டுல ஒத்துக்க மாட்டாங்க. தெரியுதா?"

அருள்மேரி பழைய பாதத்தை ஒரு கையிலும் புதுப் பாதத்தை ஒரு கையிலும் வைத்து, காய்கறிக்காரி மாதிரித் தூக்கிப் பார்த்தாள்.

"சார், பழசு கனமா கீது."

"ஒரே அச்சும்மா. ஒரே எடைதான் இருக்கும்."

"போட்டுப் பாருங்க."

ரப்பர் நிறுக்கிற தராசு அங்கேயே இருந்தது. புதுசு எழுநூற்றுத் தொண்ணூறு கிராம். பிளந்து, தேய்ந்து, ஓரம் உதிர்ந்துபோன பழசு எண்ணூற்று எழுபது. வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அருள்மேரி பிளந்த வாயைக் கிட்டே கொண்டுபோய் மோந்தாள். மாமியார் மூக்கிலும் நீட்டினாள்.

நல்லெண்ணெய்.

"எம்பது கிராம் குடிச்சிருக்குது அத்தே."

"குடிக்கட்டுமே! அதுக்குத்தானே தேய்க்கிறது" என்றாள் கிளியம்மாள், பெருமையாகவே.

வைத்தீஸ்வரன் போல்ட்டை எடுத்தார். அருள்மேரி அவர் கையைத் தடுத்தாள். "மாட்டாதீங்க சார். பையில போட்டுக் குடுங்க. இது ஏன் பொளக்குதுன்னு தெரியற வரைக்கும் இத நான் மிதிக்க மாட்டேன். இதே ரப்பர்ல மிஞ்சின துண்டு இருந்தா அதையும் குடுங்க."

புதுக் காலை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு கட்டையூன்றித் திரும்பினாள். பஸ்ஸில் கிளியம்மாளுக்கு ஆற்றாமை. கால் இருக்கும்போதே ஒருத்தி நொண்டிக்கொண்டு போவாளா?

ராத்திரிச் சோற்றின்போது துரை சொன்னான். "ஆட்டோ பிரேக்குல சின்னதா ரப்பர் கப்பு இருக்கும்மா. பிரேக் ஆயிலுக்குப் பதிலா எவனாவது தெரியாம இன்ஜின் ஆயில ஊத்திட்டான்னு வெச்சுக்க, பூரி மாதிரி உப்பிக்கும். அப்புறம் கிழிஞ்சிடும்."

"அத நீ இத்தினி நாளா சொல்லவேயில்லியே?" என்றாள் அருள்மேரி.

"அது பிரேக்கு. இது காலு. நான் இன்னாத்தக் கண்டேன்?"

கிளியம்மாளுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. "அது வண்டி ஆயிலுடா. இது நான் பார்த்துப் பார்த்துக் காய்ச்சின நல்லெண்ணெய். பச்சப் புள்ளைக்குத் தேய்க்கிறது. இதுபோய் காலப் பொளக்குமா?"

அருள்மேரி மோர் ஊற்றிக்கொண்டாள். "சண்ட எதுக்கு அத்தே? செஞ்சு பார்த்துடலாம்."

வைத்தீஸ்வரன் கொடுத்த துண்டுகளை விரற்கடை அகலப் பட்டைகளாக வெட்டினாள். எல்லாம் ஒரே நீளம், ஒரே கனம். மூன்று ஊறுகாய் ஜாடி. ஒன்றில் பட்டையைச் சும்மா போட்டாள், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் நல்லெண்ணெய். மூன்று வாரம். துடைத்து எடுத்து, கடைத் தராசில் கொத்துக் கொத்தாக நிறுத்தாள். போடும்போது ஒவ்வொரு கொத்தும் நூறு கிராம். சும்மா இருந்தது நூறேதான். தண்ணீரில் கிடந்தது நூற்றியொன்று. எண்ணெயில் கிடந்தது நூற்றிருபத்திரண்டு, பார்க்கவும் கொழுகொழுவென்று நீண்டு அகன்றிருந்தது.

அடுத்தது வளைப்பது. செக்கின் மரக்கை சுற்றுகிற வழியில், சுவரோரக் கம்பத்தில் பட்டைகளை ஆணியடித்து நிறுத்தினாள். சுற்றுக்கு ஒருதரம் மரக்கை வந்து பட்டையை மடக்கிவிட்டுப் போகும். நிமிஷத்துக்குப் பத்துச் சுற்று. நாளைக்கு ஐயாயிரத்துக்குக் குறையாது. அவளுடைய செல்போன் எண்ணுகிற அடியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

"செக்கு பாட்டுக்குச் சுத்தினுதானே கீது, உன் ரப்பரும் கூட சுத்தட்டும்" என்றார் சிட்டிபாபு. வாங்க வந்தவர்களெல்லாம் அது என்ன என்று கேட்டார்கள். திருஷ்டிக்கு என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் ஓடியது. மத்தியானச் சோற்றைக் கொண்டுவருகிற சாக்கில் கிளியம்மாள் தினமும் குனிந்து பார்த்தாள். ஏழாம் நாள் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா கிடந்த பட்டையில் ரெண்டு மயிர்க்கோடு. தண்ணீர்ப் பட்டையில் ஒரு கோடு. எண்ணெய்ப் பட்டை மட்டும் தொட்டால் குழந்தைக் கன்னம் மாதிரி, ஒரு கோடு இல்லை.

"பார்த்தியா, பார்த்தியா! பாபு தம்பி, நீயே வந்து பாரு! நான் சொன்னா கேக்க மாட்டாளே!"

சிட்டிபாபு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "கிளியக்கா கேஸு ஜெயிச்சுட்டாங்க மேரி. பேசாம புதுக் கால மாட்டு."

அருள்மேரி சிரிக்கவுமில்லை, மாட்டவுமில்லை. அன்றைக்கு முழுக்கப் பாட்டில் அடைத்துக்கொண்டே அந்தக் கம்பத்தைப் பார்த்தபடி இருந்தாள். மறுநாளும் அப்படித்தான். கிளியம்மாளுக்கு இந்தப் பிடிவாதம் எங்கே போய் முடியுமோ என்று பயமாகிவிட்டது. ஆவணி பிறந்துவிட்டது, வேறு ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனதாகவும் பேச்சு. மூன்றாம் நாள், நிரம்பின டின் ஒன்றை சிட்டிபாபு தூக்கும்போது அவருடைய வெறும் பாதம் தரையில் பரந்து அழுந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அத்தே, அந்த மரக்கை பட்டைய மடக்கிட்டுப் போயிடுது. மெத்துனு இருக்கிறது மெத்துனு மடங்குது, அதுக்கு நோவவேயில்ல. நான் மடக்கிட்டா போறேன்? அம்பத்தெட்டு கிலோ ஏறி நிக்கறேன். அதுக்கு மேல டின்னு பதினஞ்சு கிலோ."

"அதுக்கு?"

"கனம் வெக்கணும்."

துரை ரெண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தான். கொத்துக்கு ஒன்றாகப் புதிதாக எடுத்த மூன்று பட்டையும் உத்தரத்திலிருந்து பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் கடையின் பழைய ரெண்டு கிலோ எடைக்கல். கல்லுக்குக் கீழே ஒரு பலகை. மரக்கை வரும்போது பலகை எழும்பிக் கல்லைத் தூக்கும், மரக்கை நகர்ந்ததும் பலகை இறங்கும், கல்லின் பாரம் முழுக்கப் பட்டையில் தொங்கும். ஏறி மிதிப்பதும் காலை எடுப்பதும் மாதிரி. மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், பிளேடால் ஒரு சின்ன வெட்டுப் போட்டாள் அருள்மேரி.

"நல்லாருக்கிற பட்டைய எதுக்குடி வெட்டறே?"

"தரையில கல்லு முள்ளு இல்லாமலா கீது? காலு வெட்டுப் படத்தான் செய்யும். வெட்டுப் பட்டப்புறம் எது தாங்குதுன்னுதான் பாக்கணும்."

முதல் நாளே எண்ணெய்ப் பட்டை மற்ற ரெண்டையும்விட நாலு விரற்கடை நீண்டு தொங்கியது. ரெண்டாம் நாள் அதன் வெட்டு வாய் திறந்து, கல் இறங்கும்போதெல்லாம் விரிந்து மூடியது. மூன்றாம் நாள் மத்தியானம் கிளியம்மாள் சோற்றுப் பாத்திரத்தோடு உள்ளே வந்து நிமிர்ந்த அதே நேரம், அந்த வெட்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சத்தமே இல்லாமல் ஓடியது. கனிந்த பலாச்சுளையை இழுத்தால் பிரிகிற மாதிரிப் பிரிந்தது. கல் தரையில் விழுந்த சத்தத்தில்தான் எல்லாரும் திரும்பினார்கள்.

மற்ற ரெண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர்ப் பட்டைக்கும் சும்மா இருந்த பட்டைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவை அந்த வாரம் முழுக்கவும் அதற்கு அடுத்த வாரமும் தாங்கின.

கிளியம்மாள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அறுந்த பட்டையைக் கையில் எடுத்தாள். விரலில் எண்ணெய் ஒட்டியது. கிழிந்த உதடும் வீங்கின மணிக்கட்டும் கண் முன்னால் வந்தன. எத்தனை வெள்ளிக்கிழமை!

"நான்தான்டி உன்ன தள்ளிவுட்டேன்" என்றாள்.

அருள்மேரிக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. உள்ளதைத்தான் சொல்வாள். "நீங்க பாதிதான் அத்தே. மீதிப் பாதி இந்தத் தரை."

அதைச் சொன்ன பிறகுதான் அதன் கனம் அவளுக்கே உறைத்தது. மாமியார் தேய்ப்பதை நிறுத்தலாம். செக்குக் கடைத் தரையில் எண்ணெய் இல்லாமல் பண்ண முடியுமா? புதுக் காலை மாட்டிக்கொண்டு நின்றால் அது அங்கேயே நின்று குடிக்கும். நாலு மாசத்துக்குப் பதில் எட்டு மாசம் வரலாம். அப்புறம் மூன்று வருஷம் கட்டைதான்.

"வேற வேலை பார்த்துக்கலாம் மேரி" என்றான் துரை அன்றைக்கு. "ஜவுளிக் கடையில..."

"எனக்கு செக்கு வேலை தெரியும். எள்ளு காய்ஞ்சுதா ஈரமான்னு கைய வெச்சா தெரியும். ஜவுளிக் கடையில இன்னா தெரியும் எனக்கு? நீ ஒண்ணு சொல்லு. இன்ஜின் உள்ள ரப்பரே கிடையாதா? அங்க எல்லாம் எண்ணெய்தானே?"

துரை யோசித்தான். "கீதே. ஆயில் சீலு. கறுப்பா வளையம் மாதிரி. வருஷக்கணக்கா ஆயில்லியேதான் மொதக்கும். ஒண்ணும் ஆவறதில்ல."

"அப்ப எண்ணெய் குடிக்காத ரப்பர் ஒண்ணு கீது."

மறுநாள் அறுந்த பட்டை, அறாத பட்டை, ஒரு பழைய ஆயில் சீல் எல்லாவற்றையும் வைத்தீஸ்வரன் மேஜையில் பரப்பினாள். அவர் ரொம்ப நேரம் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ரெண்டு கிலோ கல்லையும் பலகையையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நாங்க இந்தக் கால வயலுக்கும் வெயிலுக்கும் பார்த்துப் பார்த்துச் செஞ்சோம். எண்ணெய்க் கடையில ஒரு பொண்ணு நாள் பூரா நிப்பான்னு யாரும் நினைக்கலம்மா" என்றார் கடைசியில். "இந்தக் கறுப்பு ரப்பர் கிடைக்கும். இதுல அடிப்பாகமும் விரலும் மூடுற மாதிரி ஒரு தோல் போடலாம். ஆனா பார்க்க அசிங்கமா இருக்கும். நிறம் வராது, கறுப்பாத்தான் இருக்கும்."

"இருக்கட்டுமே சார். என் இன்னொரு காலும் கறுப்புதான்."

கிளியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வைத்தீஸ்வரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு அடுத்த சங்கடத்தைச் சொன்னார். ரெண்டு ரப்பரும் ஒன்றோடொன்று லேசில் ஒட்டாது. பிரிந்துவந்தால் இடையில் தடுக்கி விழுவாள், பழைய கதையைவிட மோசம்.

"துண்டுல ஒட்டிப் பாருங்க. கடைக்கு அனுப்புங்க. செக்கு சொல்லட்டும்" என்றாள்.

முதல் துண்டு ரெண்டே நாளில் உரிந்துகொண்டது. ரெண்டாவது அஞ்சு நாள். மூன்றாவதற்கு வைத்தீஸ்வரன் நடுவில் வேறொரு ரப்பரை மெல்லிசாக வைத்து, மூன்றையும் சேர்த்து அச்சில் வேகவைத்துக் கொண்டுவந்தார். அருள்மேரி அதைப் பத்து நாள் நல்லெண்ணெயில் போட்டாள், வெட்டினாள், தொங்கவிட்டாள். நாளும் கட்டையூன்றி வந்து, பாட்டில் அடைத்து, கட்டையூன்றிப் போனாள். கக்கம் கன்றிப்போய் ரவிக்கையில் ரத்தம் கசிந்தது. வீட்டில் மஞ்சப் பையில் புதுக் கால் அப்படியே இருந்தது. ஒரு நாள் கிளியம்மாள் பொறுக்காமல், "கோயிலுக்குப் போறதுக்காவது மாட்டிக்கடி" என்றாள். "கோயில்லயும் விளக்கெண்ணெய் கொட்டிக் கிடக்கும் அத்தே" என்று சொல்லிவிட்டாள்.

புரட்டாசியில் பதினாறு நாள் தொங்கியது அந்தப் பட்டை. எண்பதாயிரம் சுற்றுக்கு மேல். வெட்டு வெட்டாகவே இருந்தது, ஒரு நெல் அளவுகூட ஓடவில்லை. ஒட்டின இடம் நகத்தை விட்டாலும் பிரியவில்லை. ஆயுத பூஜைக்கு ஆறு நாள் இருந்தது.

வைத்தீஸ்வரன் ஒரு காகிதத்தை நீட்டினார். "புதுப் பாதம் திரும்ப அச்சுக்குள்ள போகணும், சூட்டுல வேகணும். உள்ள இருக்கிற பஞ்சு ரப்பர் கெட்டுப்போனாலும் போயிடலாம். அப்படி ஆச்சுன்னா மூணு வருஷத்துக்கு என் கையில ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுதான் தர்றேன்னு எழுதிக் கொடு."

கிளியம்மாள் மருமகள் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது கொஞ்சம் தயங்குவாள் என்று நினைத்தாள். அருள்மேரி பேனாவை வாங்கி, தன் பேரை முழுசாக, நிதானமாக எழுதினாள்.

அவர்கள் பட்டறை வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கிளியம்மாள் ரெண்டு தடவை எட்டிப் பார்த்து, ரெண்டு தடவையும் வெளியே அனுப்பப்பட்டாள். அருள்மேரி வேர்க்கடலை வாங்கி உரித்துத் தின்றாள். பாதம் ஆறி வெளியே வந்தபோது விரல்களும் அடிப்பாகமும் கன்னங்கரேலென்று இருந்தன, மேலே மட்டும் அந்தச் சினிமாக்காரி நிறம். வைத்தீஸ்வரன் கையால் மடக்கினார், விட்டார், மடக்கினார். போல்ட்டை முடுக்கினார்.

அருள்மேரி எழுந்தாள். மூன்று மாசமாக நிற்காத கால், முதலில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கிளியம்மாள் கை நீட்டினாள். "வேணாம் அத்தே, வுடுங்க" என்று பட்டறையின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினாள்.

"கொஞ்சம் விறைப்பா கீது."

"எண்ணெய் தேய்க்கட்டுமா?" என்று வாய்வரை வந்ததை கிளியம்மாள் விழுங்கிக்கொண்டாள்.

ஆயுத பூஜையன்று செக்கு நின்றது. சிட்டிபாபு உலக்கைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார். மறுநாள் விஜயதசமி, முதல் ஆட்டு. காலை ஏழு மணிக்கு அருள்மேரி செக்கு மேடையில் ரெண்டு காலும் ஊன்றி நின்றாள். சிட்டிபாபு குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தார்.

"இன்னா மேரி, ஷூ போட்டுகினு மேடைக்கு வந்துகீற?"

"ஷூ இல்ல சார், காலு. அறுந்துபோவுமா போவாதான்னு உங்க செக்கையே கேட்டுக்குங்க."

அவர் மோட்டாரைப் போட்டார். அன்றைக்குப் பதினொரு டின் ஆடியது. தீபாவளிவரை வேறு ஆள் தேடவில்லை, தீபாவளிக்குப் பிறகும் தேடவில்லை.

மாசாமாசம் முதல் தேதி அருள்மேரி காலைக் கழற்றி, பாத்திரம் விளக்குகிற சோப்பு போட்டுக் கழுவி, விரல் மடங்குகிற இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்ப்பாள். கிளியம்மாள் விளக்கைக் கிட்டே பிடிப்பாள். எட்டு மாசம் ஆனது, வருஷம் ஆனது. ஒன்றரை வருஷத்தில் குதிகாலில் கொஞ்சம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக் குளியல் நிற்கவில்லை. கிண்ணத்தில் எண்ணெய் மட்டும் முன்னைவிடக் குறைவு, ஒரு காலுக்குத்தான். வைத்தீஸ்வரன் இப்போதெல்லாம் அளவெடுக்க வருகிறவர்களிடம் முதலில் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறார். பட்டாணி வறுக்கிறவர், மெக்கானிக் ஷெட்டில் இருக்கிறவர், பஜ்ஜிக் கடைக்காரி என்று ஏழெட்டுப் பேருக்குக் கறுப்புத் தோல் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சிட்டிபாபு போன தை மாசம் கூடுவாஞ்சேரியில் இன்னொரு செக்கு போட்டார். அதற்கு எள்ளு தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. அருள்மேரி இப்போது அந்தக் கடையில் இருக்கிறாள். காலை ஆறே முக்காலுக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறுகிறாள், அங்கே ஸ்டேஷனிலிருந்து கடைக்கு நடந்தே போகிறாள்.